குதிரைக்காரனின் பட்டம்

தரங்கம்பாடிக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் ஒரே மாதிரிதான். டான்ஸ்போர்க் கோட்டைக்குள் நுழைவது, அருங்காட்சியகத்தை ஒரு சுற்று சுற்றுவது, பிறகு மதில் ஓரமாக உட்கார்ந்து கடலைப் பார்ப்பது. மூன்றாவது முறைதான் ஒரு பெயர் மண்டையில் தங்கியது: ஓவே கெத்தே. 1618இல் கோபன்ஹேகனிலிருந்து கப்பல்களோடு கிளம்பியபோது அந்த ஆளுக்கு இருபத்து நான்கு வயதுகூட நிறையவில்லை. முதலில் இலங்கைக்குப் போய், அங்கே நினைத்தது நடக்காமல், கடைசியில் 1620 நவம்பரில் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு, இந்தக் கோட்டைக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டு ஊர் திரும்பினான். என் வயதைவிடக் குறைவு. அந்த வயதில் நான் அரியர் எழுதிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, இவன் அப்புறம் என்ன ஆனான் என்று தேடினேன். நன்றாகத்தான் ஆகியிருக்கிறான். 1645இல் அவனுக்கு 'ரிக்ஸ்அட்மிரால்' பதவி. டேனிஷில் ரிகே என்றால் ராஜ்யம். அட்மிரால் நமக்குத் தெரிந்த அட்மிரல்தான். அதன் வேர் அரபு மொழியின் 'அமீர்'. மத்தியதரைக் கடலில் அரபுக் கப்பல்களோடு சண்டை போட்டும் வியாபாரம் செய்தும் ஐரோப்பியர்கள் கற்றுக்கொண்ட சொல் அது. டென்மார்க் கடற்படையின் உச்சப் பதவி ஓர் அரபுச் சொல். சரி, கடலுக்கு இப்படியென்றால் தரைப்படைக்கு என்ன பட்டம் என்று பார்த்தேன். 'ரிக்ஸ்மார்ஸ்க்' என்று இருந்தது.

மார்ஸ்க் என்று கூகிளில் போட்டால் முதலில் வருவது சேனாதிபதி இல்லை, செம்மறியாடு. வடகடல் ஓரத்துச் சதுப்புப் புல்வெளிக்கும் டேனிஷில் மார்ஸ்க் என்றே பேர். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, உச்சரிப்பு மட்டும் ஒன்றாகிவிட்டது. ஆடுகளைத் தாண்டிப் போனால்தான் நம்ம ஆள் கிடைப்பார். 'வைகிங்ஸ்' தொடர் பார்த்தவர்களுக்கு 'யார்ல்' என்ற பட்டம் பழகியிருக்கும். அது பெரிய மனிதனைக் குறித்த பெரிய சொல், அதில் எனக்குப் பெரிய சுவாரசியம் இல்லை. மார்ஸ்க் அப்படி இல்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளேயிருந்து சாணி வாசனை வருகிற சொல் அது.

*

பழைய ஜெர்மானிய மொழிகளில் 'மார்ஹ்' என்றால் குதிரை. ஆங்கிலத்தில் பெண்குதிரையை 'மேர்' என்கிறார்களே, அது இதே குடும்பம். 'ஸ்கால்க்' என்றால் ஏவலாள், அடிமை. நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா பைபிளைக் கோத் மொழிக்குக் கொண்டுபோனபோது, ஊழியன், அடிமை என்று வருகிற இடத்தில் இந்த ஸ்கால்க்கைத்தான் போட்டார். காட்ஷால்க் என்று ஜெர்மானியர்களிடம் ஒரு பெயர் உண்டு. அப்படியே தமிழாக்கினால் தேவதாசன். ஆக, மார்ஹ்-ஸ்கால்க் என்றால் குதிரைக்கு வேலை செய்கிறவன். லாயத்துக்காரன். புல் அள்ளிப் போட்டு, தண்ணி காட்டி, முதுகு தேய்த்துவிடுகிறவன்.

வட ஜெர்மனியின் தாழ்நிலப் பேச்சு வழியாக டென்மார்க்குக்கு வந்தபோது அந்தச் சொல் 'மார்ஷால்க்' என்று இருந்தது. டேனிஷ்காரர்கள் எந்தச் சொல்லையும் முழுதாக உச்சரிக்க மாட்டார்கள் என்று ஸ்வீடன்காரர்கள் கேலி செய்வார்கள். இதிலும் பின்பாதியை விழுங்கி மார்ஸ்க் ஆக்கிவிட்டார்கள். அடிமை என்ற பாதிதான் விழுங்கப்பட்டது என்பது தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அதைத் தற்செயல் என்று விட மனசு வரவில்லை.

பிரெஞ்சில் இந்தச் சொல் இரண்டாகக் கிளைத்தது. நெப்போலியனின் தளபதிகள் மாரெஷால். கிராமத்தில் குதிரைக்கு லாடம் அடிப்பவரும் மாரெஷால், கூடவே 'ஃபெரான்' என்று இரும்பு வேலையைக் குறிக்கும் ஒட்டு. ஒரே சொல், ஒருத்தர் நெஞ்சில் பதக்கம், இன்னொருத்தர் கையில் சுத்தியல். டேனிஷில் வேறு விதமான வேடிக்கை. இன்றைய டேனிஷில் ஸ்கால்க் என்று தனியாகச் சொன்னால் போக்கிரி, விஷமக்காரன். 'மேர்' என்ற பெண்குதிரைச் சொல் வசையாகிவிட்டது. இரண்டு துண்டுகளும் தெருவில் வசையாகக் கிடக்க, சேர்ந்திருந்த சொல் மட்டும் அரண்மனைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

எவ்வளவு கீழிருந்து இது ஏறியது என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அலமன்னி இனத்தாரின் சட்டத்தொகுப்பில், எந்த வேலைக்காரனைக் கொன்றால் எவ்வளவு அபராதம் என்று ஒரு விலைப்பட்டியல் உண்டு. பன்னிரண்டு குதிரைகளுக்குப் பொறுப்பான மாரிஸ்கால்க்கைக் கொன்றால் 40 சொலிடஸ். உதவியாள் வைத்திருக்கும் சமையல்காரனைக் கொன்றாலும் அதே 40தான். பன்னிரண்டு பணியாட்களை மேய்க்கிற செனிஸ்கால்க்குக்கும் 40. இந்த செனிஸ்கால்க், 'மூத்த வேலைக்காரன்' என்று பொருள்படுகிற அண்ணன் சொல், பின்னால் பிரான்சில் செனெஷால் ஆகி மாகாணங்களையே ஆண்டது. ஆக, அன்றைக்கு மார்ஷலும் சமையல்காரரும் ஒரே கிரேடு.

பிறகு என்ன நடந்தது? குதிரை விலை ஏறியது. கவசம் போட்ட வீரன் குதிரைமேல் உட்கார்ந்து போரிடுவதுதான் போர் என்று ஆனபிறகு, லாயம்தான் ராணுவக் கிடங்கு. எந்தக் குதிரை நொண்டுகிறது, எது மூன்று நாள் தாங்கும், எத்தனை மூட்டை ஓட்ஸ் இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்றெல்லாம் தெரிந்தவன் லாயத்துக்காரன். பயணத்தில் யார் எங்கே தங்குவது, எந்த வரிசையில் போவது என்பதும் அவன் தலையில் விழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவன் குதிரை தேய்ப்பதை விட்டுவிட்டு, தேய்ப்பவர்களை ஏவினான், பிறகு ஏறி உட்கார்ந்தவர்களையே ஏவினான்.

936இல் ஆஹன் நகரில் முதலாம் ஓட்டோ முடிசூடியபோது நடந்த விருந்தில், நான்கு பெரும் கோமகன்கள் நான்கு வேலைக்காரர்களாக நின்றார்கள் என்று சமகாலத் துறவி விடுகின்ட் எழுதிவைத்திருக்கிறார். ஒருவர் அறைக் காரியம், ஒருவர் பந்தி, ஒருவர் மது. பவேரியாவின் கோமகன் ஆர்னுல்ஃப் குதிரைகளையும் கூடாரங்களையும் பார்த்துக்கொண்டார். வேலை செய்வது அவமானமாக இல்லை. யாருக்குச் செய்கிறோம் என்பதில்தான் கௌரவம். 1356இல் வந்த பொன்முத்திரை ஆணை இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. பேரரசரின் பெருவிழா அன்று, குதிரையின் மார்பளவுக்கோ சேணமளவுக்கோ ஓட்ஸைக் குவித்துவைக்க வேண்டும். பேரரசின் தலைமை மார்ஷலான சாக்சனிக் கோமகன் குதிரையோடு அந்தக் குவியலுக்குள் போய், வெள்ளிப் படியால் ஒரு படி ஓட்ஸ் அள்ளி, முதலில் வருகிற குதிரைக்காரனிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் வேலை. மிச்சத்தை ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நான் இந்த ஓட்ஸ் காட்சியை வாசித்தபோது சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் என் தாத்தா டபேதார்.

ஒரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருபது வருஷத்துக்கும் மேல் டபேதாராக இருந்தவர். வெள்ளை உடுப்பு, தலைப்பாகை, குறுக்கே சிவப்புப் பட்டை, நடுவில் பித்தளை வில்லை. காரின் கதவைத் திறந்துவிடுவது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவது, அறை வாசலில் நிற்பது. ஊரில் அவருக்கு இருந்த மரியாதை தாசில்தாருக்குக்கூட இல்லை. பட்டா விஷயம், பென்ஷன் விஷயம் என்று காலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலு பேர் இருப்பார்கள். "டபேதாரய்யா, நீங்க ஒரு வார்த்தை அய்யா காதுல போட்டா போதும்." அவர் போட்டாரா இல்லையா என்பது வேறு கதை. பாட்டி மட்டும் உள்ளேயிருந்து முனகுவாள், "ஆமா, பொட்டி தூக்குறவன் சொல்லித்தான் நடக்கப்போவுது." ரெண்டு பேர் சொன்னதும் உண்மைதான்.

*

பதின்மூன்றாம் நூற்றாண்டில் டென்மார்க் அரசர்கள் ஜெர்மானிய அரண்மனைகளைப் பார்த்துத் தங்கள் வீட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டார்கள். அரசரைச் சுற்றி நான்கு முக்கியமான ஆட்கள். எழுத்து வேலைக்குக் கான்செலர், பெரும்பாலும் பாதிரியார். பணத்துக்கும் அறைக்கும் கம்மர்மேஸ்டர். படைக்கு மார்ஸ்க். எல்லாருக்கும் மேலே ட்ரோஸ்ட். இந்த ட்ரோஸ்ட்டும் வேலைக்காரச் சொல்தான். 'ட்ரோட்' என்ற பழைய சொல்லின் அடியில் இருப்பது தலைவனோடு கூடியிருக்கும் வீரர் கூட்டம். அந்தக் கூட்டத்தைப் பந்தியில் உட்கார வைப்பவன் ட்ரோஸ்ட். கல்யாணப் பந்தியில் யாரை எங்கே உட்கார வைப்பது என்று ஒருவர் தலை காய்ந்து நிற்பார், பார்த்திருப்பீர்கள். அவர்தான் டென்மார்க்கின் பிரதம மந்திரி ஆனார்.

அந்தக் காலத்து அரசு என்பது ஒரு வீடு. இன்னும் சரியாகச் சொன்னால், நகர்ந்துகொண்டே இருக்கும் வீடு. டென்மார்க் அரசருக்கு நிலையான தலைநகர் கிடையாது. ஒரு கோட்டையில் தானியம் தீர்ந்தால் அடுத்த கோட்டை. அரசர் இருக்கும் இடம்தான் அரசாங்கம். அப்படிப்பட்ட அரசாங்கத்தில், தட்டு வைப்பவரும் குதிரை பிடிப்பவரும்தான் அரசரை தினமும் பார்க்கிறவர்கள். மற்ற பிரபுக்கள் வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள்.

இது ஐரோப்பியச் சங்கதி மட்டும் இல்லை. ஓவே கெத்தேவுக்குத் தரங்கம்பாடியைக் கொடுத்த ரகுநாத நாயக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய தாத்தா செவ்வப்ப நாயக்கர், தஞ்சை நாயக்க வம்சத்தைத் தொடங்கியவர். அதற்கு முன் அவர் விஜயநகரத்தில் அச்சுததேவராயருக்கு அடைப்பைக்காரர். வெற்றிலைப் பை ஏந்துகிறவர். அரசனின் வாய்க்குள் போகும் பொருள் யார் கையில் இருக்கிறதோ அவனைத்தான் அரசன் முழுசாக நம்பியாக வேண்டும். விஷம் வைப்பதானால் அவன்தான் வைக்க முடியும். வைக்காதவனுக்கு ஒரு நாடு. கெத்தே அன்றைக்கு எதிரே பார்த்தது வெற்றிலைப் பையிலிருந்து எழுந்த ஒரு ராஜ்யத்தை. அவனுக்கு அது தெரிந்திருந்தால் விநோதமாகப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன். அவனுடைய ஊரில் குதிரைக்காரர்கள் அப்படித்தான் எழுந்திருந்தார்கள்.

ஆனால் இந்த நெருக்கத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை டென்மார்க் 1286 நவம்பர் 22ஆம் தேதி இரவு பார்த்தது.

*

அரசர் ஐந்தாம் எரிக். பட்டப்பெயர் கிளிப்பிங். அதற்குப் பல விளக்கங்கள் சொல்கிறார்கள், அதில் ஒன்று நாணயத்தின் ஓரத்தை நறுக்கி மதிப்பைக் குறைத்தவர் என்பது. பிரபுக்களோடு ஓயாத தகராறு. 1282இல் அவர்கள் அவரைக் கைப்பிடி உறுதிமொழி ஒன்றில் கையெழுத்திட வைத்திருந்தார்கள்: வருஷத்துக்கு ஒருமுறை பெருமன்றம் கூட்டுவேன், சட்டப்படி தீர்ப்பில்லாமல் யாரையும் சிறையில் போட மாட்டேன் என்று. நான்கு வருஷம் கழித்து, யூட்லாந்தில் வீபோர்க் நகரத்துக்குப் பக்கத்தில், ஃபிண்டெருப் என்ற சிற்றூரில் ஒரு தானியக் களஞ்சியத்தில் அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது உள்ளே புகுந்து வெட்டினார்கள். உடம்பில் ஐம்பத்தாறு காயம் என்று மரபு சொல்கிறது. வீபோர்க் பேராலயத்தில் புதைத்தார்கள்.

யார் வெட்டியது என்பது இன்றுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆனால் 1287இல் நியூபோர்க் கோட்டையில் கூடிய மன்றம் ஒன்பது பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்து நாடுகடத்தியது. முதல் பெயர்களில் ஒன்று அரசரின் மார்ஸ்க், ஸ்டீக் ஆண்டர்சன். (கடைசி 'க்'கை டேனிஷ்காரர்கள் விழுங்கிவிடுவார்கள், 'ஸ்டீ' என்றுதான் காதில் விழும். தமிழில் அப்படி எழுதினால் சின்னப் பையன் மாதிரி இருக்கிறது, அதனால் க்கை வைத்துக்கொள்கிறேன்.) கூடவே ஹாலண்ட் பகுதியின் பிரபு யாக்கோப். இது நெதர்லாந்து ஹாலந்து இல்லை, இன்றைய ஸ்வீடனின் மேற்குக் கரை. அப்புறம் அரசரின் அறைப் பணியாளர் ராணே யோன்சன். களஞ்சியத்தில் அந்த இரவு அரசரோடு இருந்தவர் என்று கதைகள் சொல்வது இவரைத்தான்.

பட்டியலைப் பாருங்கள். குதிரைக்காரன், அறைக்காரன். அரசருக்குப் பக்கத்தில் படுத்திருந்தவன்.

கொலை செய்ய வெளியாட்களுக்குக் காரணமே இல்லாமலில்லை. ஷ்லெஸ்விக் கோமகன் வால்டெமாரை அரசர் சிறையில் போட்டு அந்த வருஷம்தான் விட்டிருந்தார். அரசர் செத்தபிறகு பன்னிரண்டு வயது இளவரசன் எரிக் மென்வெடின் பேரால் நாட்டைப் பார்த்துக்கொண்டவர்கள் விதவை ராணி ஆக்னெஸும், இந்த வால்டெமாரும், இன்னும் சில பிரபுக்களும். அந்தக் கூட்டத்தில் செல்வாக்கோடு இருந்தவர் பேடர் ஹொசேயல் என்பவர். அவர் வகித்த பதவி, ட்ரோஸ்ட். பந்திக்காரன்.

நியூபோர்க்கில் இருபத்தேழு பேர் சத்தியம் செய்து குற்றத்தை உறுதிப்படுத்தினார்கள். அந்தக் கால முறைப்படி அது சாட்சியம் விசாரிப்பது இல்லை. இவன் செய்திருப்பான் என்று நாங்கள் நம்புகிறோம் என்று சத்தியம் செய்வது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மறுத்தார்கள். வரலாற்றாசிரியர்கள் நூற்றைம்பது வருஷமாக இதைப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டீக்தான் செய்தார் என்பார் ஒருவர், இல்லை, வால்டெமார் என்பார் இன்னொருவர், ஸ்டீக்கைப் பலிகடா ஆக்கினார்கள் என்பார் மூன்றாமவர். நான் படித்த வரையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: ஸ்டீக் குற்றமற்றவர் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் நியூபோர்க்கில் நடந்ததை நீதி என்று சொல்லவும் முடியவில்லை. ஓர் அரசர் செத்தால் அவருக்கு நெருக்கமானவர்களின் கூட்டம் கலைந்து அடுத்தவருக்கு நெருக்கமானவர்களின் கூட்டம் அமர வேண்டும். அது ஒரு வீடு காலிசெய்கிற வேலை. கொலைப்பழி அதற்கு வசதியாக இருந்தது.

தண்டனை பெற்றவர்கள் நார்வே அரசரிடம் ஓடினார்கள். அவர் இவர்களைச் சந்தோஷமாக வரவேற்றுக் கப்பல் கொடுத்தார். ஸ்டீக், யூட்லாந்துக் கரைக்கு எதிரே யெல்ம் என்ற சின்னஞ்சிறு தீவில் கோட்டை கட்டி உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து டென்மார்க் கரையைக் கொள்ளையடித்தார்கள். அந்தத் தீவில் நடந்த அகழாய்வுகளில் கள்ள நாணயம் அடித்ததற்கான தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இதில் ஒரு குரூரமான நகைச்சுவை இருக்கிறது. நாணய ஓரத்தை நறுக்கியதாகப் பெயரெடுத்த அரசரைக் கொன்றதாகப் பழிசுமந்தவர், அவர் மகனின் காசைத் தீவில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருக்கிறார். 1293இல் ஸ்டீக் செத்தார். அடுத்த வருஷம் ராணே பிடிபட்டுக் கொல்லப்பட்டார்.

வரலாறு இவ்வளவுதான். மற்றதைப் பாட்டு எடுத்துக்கொண்டது.

டென்மார்க்கில் மக்கள் பாடிய கதைப்பாடல்களைப் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து எழுதிவைக்க ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் பிரபு வீட்டுப் பெண்கள், தங்கள் நோட்டுகளில். அதில் ஸ்டீக்கைப் பற்றி ஒரு கொத்துப் பாடல்கள் உண்டு. பாட்டில் அவர் சதிகாரர் இல்லை. அரசர் அவரைப் போருக்கு அனுப்பிவிட்டு, அவர் இல்லாத நேரத்தில் அவர் மனைவியைக் கெடுத்துவிடுகிறார். போரிலிருந்து திரும்பிய ஸ்டீக் மன்றத்தில் எழுந்து நின்று, நான் இதற்குப் பழிவாங்குவேன் என்று அரசர் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். பிறகு சாம்பல் அங்கி போட்ட துறவிகள் வேடத்தில் ஆட்கள் களஞ்சியத்துக்குள் வருகிறார்கள். ராணே அரசரைக் காப்பாற்றுவதுபோல வாளை வீசுகிறான், ஆனால் வெட்டு விழுவதெல்லாம் உத்தரத்திலும் விட்டத்திலும். நடித்துக்கொண்டே கைவிடுகிற அந்த ஒரு காட்சிக்காகவே இந்தப் பாட்டைக் கட்டியவனைப் பாராட்டலாம்.

மனைவி கதை நடந்ததற்கு ஆதாரம் இல்லை. ஆனால் பாட்டுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்று எனக்குப் புரிகிறது. போருக்குப் போவதுதான் மார்ஸ்க்கின் வேலை. அந்த வேலையை வைத்தே அவரை வீட்டிலிருந்து அகற்றுகிறார் அரசர். ஊழியத்தின் ஒப்பந்தத்தை முதலில் மீறியது எஜமான்தான் என்று பாட்டு சொல்கிறது. வேலைக்காரனின் பக்கத்திலிருந்து பாடப்பட்ட பாட்டு அது, பாடியவர்கள் பிரபு வீட்டுப் பெண்களாக இருந்தாலும்.

*

ட்ரோஸ்ட் பதவி அடுத்த நூறாண்டில் மறைந்தது. கடைசியாக அதை வகித்த ஹென்னிங் பொடபுஸ்க் இறந்தபின், மகாராணி முதலாம் மார்கிரேத்தே அந்த நாற்காலியை நிரப்பவே இல்லை. தனக்கு அடுத்து ஓர் ஆள் வேண்டாம் என்று நினைத்திருக்க வேண்டும், புத்திசாலி. மார்ஸ்க் மட்டும் பிழைத்தது. அரசர் வீட்டு ஊழியர் என்ற நிலையிலிருந்து நாட்டின் அதிகாரி என்ற நிலைக்கு வந்ததும் முன்னால் 'ரிக்ஸ்' ஒட்டிக்கொண்டது. பழைய பிரபுக் குடும்பங்களுக்குள்ளேயே சுற்றிவந்த பதவி. யாரும் லாயத்துப் பக்கம் போனதாகத் தெரியவில்லை.

அந்த வரிசையில் எனக்குப் பிடித்தவர் ஆண்டர்ஸ் பில்லே. 1642இல் ரிக்ஸ்மார்ஸ்க் ஆனவர். 1657இல் ஸ்வீடன் படை யூட்லாந்துக்குள் புகுந்தபோது, இன்றைய ஃப்ரெடெரீசியா இருக்கும் இடத்தில் பாதி கட்டி முடித்த கோட்டையில் எஞ்சிய படையோடு அடைந்து கிடந்தார். அக்டோபரில் ஒருநாள் அதிகாலை ஸ்வீடன் தளபதி ராங்கெல் கோட்டையைத் தாக்கிப் பிடித்தார். பில்லே காயத்தோடு சிறைபட்டு, சில வாரத்தில் இறந்தார். நாட்டின் மார்ஸ்க், கோட்டைக்குள்ளேயே நின்று அடிபட்டுச் செத்தார். நான் இந்தப் பட்டத்தைக் கேலி செய்யும்போதெல்லாம் பில்லே ஞாபகம் வந்து கொஞ்சம் அடக்கிவைக்கும்.

மூன்றே வருஷம். 1660 அக்டோபரில், போரில் நிலத்தை இழந்து கடனில் மூழ்கிய கோபன்ஹேகனில், நகர மக்களும் பாதிரிமார்களும் சேர்ந்து பிரபுக்களை மடக்கி, மூன்றாம் ஃப்ரெடெரிக்குக்கு வாரிசுரிமையோடு முடியாட்சியைத் தூக்கிக் கொடுத்தார்கள். அதுவரை ஒவ்வோர் அரசரும் பிரபுக்களிடம் கையெழுத்துப் போட்டுத்தான் அரியணை ஏற வேண்டும், 1282இல் தொடங்கிய வழக்கம். அது முடிந்தது. ஓவே கெத்தேயும் அதே 1660இல் இறந்தார். அவருடைய ரிக்ஸ்அட்மிரால் எந்த உலகத்தின் பட்டமோ அந்த உலகமும் அவரோடு போய்விட்டது.

பிறகு வந்த ஐந்தாம் கிறிஸ்டியன் 1671இல் ஒரு வரிசைப்பட்டியல் வெளியிட்டார். யாருக்கு அடுத்து யார், எந்தப் பதவிக்கு எந்த இடம் என்று. கூடவே கவுன்ட், பேரன் என்று ஜெர்மனி பாணியில் புதுப் பட்டங்கள். பழைய பிரபுக்களின் ரத்தத்துக்கு இனி மதிப்பு இல்லை, அரசர் எங்கே நிறுத்துகிறாரோ அதுதான் மதிப்பு. இந்தப் பட்டியல், பல திருத்தங்களோடு, இன்றும் டென்மார்க்கில் உயிரோடு இருக்கிறது. ஒன்பது வகுப்புகள். யாரும் தன்னைப் பெரியவனாக நினைக்கக் கூடாது என்பதையே தேசிய குணமாகச் சொல்லிக்கொள்ளும் நாட்டில், அரண்மனை நிகழ்ச்சிக்கு யார் யாருக்கு முன் நடப்பது என்பதற்கு இன்னமும் ஒரு பட்டியல்.

மார்ஸ்க் திரும்ப வீட்டுக்குள் போய்விட்டது. இப்போது 'ஹோஃப்மார்ஷால்' என்று ஒருவர் இருக்கிறார், அரண்மனை நிர்வாகத்துக்கு. விருந்து, விருந்தினர், வரவு செலவு. படை எதுவும் அவரிடம் இல்லை. வழக்கில் அந்தப் பழைய மொட்டைச் சொல் ஒரு பெயரோடு மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது: மார்ஸ்க் ஸ்டீக். நாட்டைவிட்டு விரட்டி, நாளைக்கு எவனாவது பார்த்தால் கொல்லலாம் என்று அறிவித்தார்களே, அந்த ஆளின் பட்டத்தை மட்டும் யாராலும் பிடுங்க முடியவில்லை. 1878இல் பீட்டர் ஹைசே இந்தக் கதையை ஆபரா ஆக்கியபோது வைத்த தலைப்பு 'ட்ரோட் ஓ மார்ஸ்க்', அரசனும் மார்ஸ்க்கும். அப்போதே ட்ரோட் என்ற சொல் செத்துக் கவிதைக்குள் போயிருந்தது. அதன் பெண்பால் 'ட்ரோனிங்' மட்டும் நன்றாக வாழ்கிறது. 2024 ஜனவரியில் இரண்டாம் மார்கிரேத்தே அரியணையை மகனுக்கு விட்டுக்கொடுக்கும்வரை, ஐம்பத்திரண்டு வருஷம் அந்தச் சொல்தான் நாட்டை ஆண்டது.

கோபன்ஹேகனில் கிறிஸ்டியான்ஸ்போர்க் அரண்மனைக்குப் பின்னால் அரச லாயம் இன்றும் இருக்கிறது. உள்ளே குதிரைகள் இருக்கின்றன, முற்றத்து மணலில் அவற்றை நடத்திப் பழக்குவார்கள், வண்டிகளில் பூட்டி விழாக்களுக்குக் கொண்டுபோவார்கள். அந்தக் குதிரைகளுக்குப் பொறுப்பான ஆளுக்கும் ஒரு பட்டம் உண்டு. மார்ஸ்க் இல்லை. 'ஸ்டால்மேஸ்டர்', லாயத் தலைவர் என்று அவருக்குப் புதிதாக ஒரு சொல் செய்ய வேண்டியிருந்தது.